உடம்புக்குள் நாலு கடிகாரம்: எடைப் பயிற்சியில் அளவு மீறினால் என்ன ஆகும்?

என் பழைய பயிற்சி நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். பெஞ்ச் பிரஸ் கணக்கு, அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியை (பார்) நெஞ்சுக்கு மேலே தள்ளும் பயிற்சி. முதல் வாரம் 50 கிலோ, மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8 ரெப். (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; இடையில் நிறுத்தாமல் செய்யும் ரெப்களின் ஒரு சுற்று ஒரு செட்.) அடுத்த வாரம் 52.5 கிலோ, அதே 8, 8, 8. வாரம் இரண்டரை கிலோ என்று ஏற்றி ஆறாவது வாரம் 62.5-க்கு வந்துவிட்டேன். அங்கே 8, 7, 5. ஏழாவது வாரம் அதே எடையில் 6, 5, 4. எட்டாவது வாரம் 60-க்கு இறங்கியும் 5, 5, 3தான். அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன்: "சோம்பல். வாரம் நாலு நாள் போதாது. இனி ஆறு நாள்."

ஆறு நாளாக்கினேன். பதினோராவது வாரத்துக்குப் பிறகு அந்த நோட்டில் ஒன்றும் இல்லை. வலது முழங்கையின் உள்பக்கம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருக்கென்று இழுக்கும். இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வரும். அதற்கு முன்பெல்லாம் ஜிம்மில் கழிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது அந்த நினைப்பு வந்தாலே எரிச்சல்.

அதே எண்களை இன்றைக்கு யாராவது கொண்டுவந்து காட்டினால், ஏழாவது வாரத்திலேயே "ஒரு வாரம் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. உடம்பு களைத்ததை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். புதிதாக வெயிட் தூக்க வருகிறவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்ததும் பலம் குறைகிறது

அடிப்படை ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஜிம்முக்குள் நுழையும்போது இருந்த பலம் வெளியே வரும்போது உங்களிடம் இருக்காது. தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டிருக்கும், தசை எரிபொருளாகச் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் குறைந்திருக்கும், தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு மண்டலமும் களைத்திருக்கும். பலம் ஏறுவது அதற்குப் பிறகு, நீங்கள் சாப்பிட்டுத் தூங்கி வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மணிநேரங்களில். கடுமையான எடைப் பயிற்சிக்குப் பிறகு தசையில் புதிய புரதம் கட்டப்படும் வேகம் கூடும். அந்தக் கூடுதல் வேகம் ஒன்று முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். ஒரு மணி நேரம் செய்த வேலைக்கு உடம்பு கேட்கும் அவகாசம் 24 முதல் 48 மணி நேரம்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும். கஷ்டமான பாதியை முடித்துவிட்டு, சும்மா இருக்க வேண்டிய பாதியில் அவசரப்படுகிறோம்.

1936-ல் மான்ட்ரியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செல்யே 'நேச்சர்' இதழுக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், மருந்தை அதிகமாகக் கொடுத்தாலும், அளவுக்கு மீறி உடலுழைப்பு செய்ய வைத்தாலும் அவற்றின் உடம்பு ஒரே மாதிரியான மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முதலில் அதிர்ச்சி. பிறகு, பழகித் தாக்குப்பிடிக்கும் காலம். சுமை நிற்காமல் தொடர்ந்தால், கடைசியில் எல்லாம் தீர்ந்துபோகும் காலம். இந்தப் பட்டியலில் உடலுழைப்பும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிற்காலத்தில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதை எடுத்துக்கொண்டு தங்கள் திட்டங்களை வகுத்தார்கள். பயிற்சி என்பது இரண்டாம் கட்டத்திலேயே இருந்துகொள்ளும் கலை. மூன்றாம் கட்டத்தின் வாசலைத் தட்டிப் பார்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1970-களில் எரிக் பேனிஸ்டர் என்ற ஆய்வாளர் முன்வைத்தது. ஒவ்வொரு பயிற்சியும் உங்களிடம் இரண்டை விட்டுச் செல்கிறது: உடற்தகுதி, களைப்பு. களைப்பு பெரிதாக வந்து சீக்கிரம் கரையும். தகுதி சிறிதாக வந்து மெல்லக் கரையும். எந்த நாளிலும் உங்களால் தூக்க முடிகிற எடை, சேர்ந்த தகுதியிலிருந்து சேர்ந்த களைப்பைக் கழித்த மீதி. என் நோட்டை இந்தக் கணக்கோடு படித்தால் எல்லாம் புரிந்துவிடுகிறது. எட்டாவது வாரத்தில் என் பலம் எங்கும் போய்விடவில்லை. அதன் மேல் களைப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவைப்பதற்குப் பதில் மேலே இன்னும் இரண்டு நாள் பயிற்சியைச் சுமத்தினேன்.

எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். உடம்பு ஒரே வேகத்தில் தேறுகிற ஒரே பொருள் அல்ல. நரம்பு, தசை, தசைநாண், எலும்பு என்று நாலுக்கும் நாலு கடிகாரம். முதல் மாதங்களில் நம் கண்ணில் படுவது அதில் வேகமாக ஓடுகிற ஒன்று மட்டுமே.

அது நரம்பின் கடிகாரம். முதல் சில வாரங்களில் பாரில் ஏறுகிற எடையில் பெரும் பகுதி புதிய தசையால் வருவதில்லை. இருக்கிற தசையை மூளை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது; கூடுதல் இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்கிறது; எதிர்த்திசையில் இழுக்கும் தசைகளைத் தளர்த்துகிறது. 1979-ல் மொரிதானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எட்டு வாரப் பயிற்சியை அளந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் வந்த பலத்துக்குப் பெரிதும் காரணம் நரம்புகள்தான் என்றும், தசை பெருப்பதன் பங்கு மூன்றிலிருந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகே மேலோங்குகிறது என்றும் காட்டினார்கள். அதனால்தான் புதிதாக வந்தவருக்கு வாரா வாரம் எடை கூடிக்கொண்டே போகிறது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் அந்த எடையைத் தாங்க வேண்டிய மற்ற பாகங்கள் அந்த வேகத்தில் வரவில்லை.

தசையின் கடிகாரம் நடுத்தரம். ஒரு கடுமையான பயிற்சியிலிருந்து தேற இரண்டு மூன்று நாள். கண்ணாடியில் தெரியும் அளவுக்குப் பெருக்க இரண்டு மூன்று மாதம்.

தசைநாண் வேறு கதை. தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான கயிறு அது. தசை அளவுக்கு அதில் ரத்த ஓட்டம் இல்லை. செல்களும் குறைவு. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகள். அந்தக் கொலாஜன் எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதை 2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்னும் வியப்பு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு திடீரென்று ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. அந்தந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அந்தந்த அளவு பதிவாகியிருக்கும். அதைக் கொண்டு குதிகால் தசைநாணின் வயதைப் பார்த்தார்கள். தசைநாணின் உள்பகுதி வளரும் பருவத்திலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆனால் பக்கத்திலிருந்த தசை தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்தது.

தசைநாண் பயிற்சிக்கு இசையவே இசையாது என்று இதற்கு அர்த்தமில்லை. மாதக்கணக்கில் நிதானமாகச் சுமை கொடுத்தால் அது இறுகும், பலப்படும். அவசரப்பட்டால்தான் சிக்கல். சிதைந்த தசை ஒரு வாரத்தில் சரியாகிவிடும். புண்பட்ட தசைநாண் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். முழங்கை, தோள், முழங்காலின் முன்பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் புதியவர்களுக்கு வரும் தீராத வலிகளில் பல இந்த ரகம்.

எலும்பிலும் அப்படித்தான். எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி முடிய மாதங்கள் ஆகும். இடையில் அந்த இடம் கொஞ்சம் பலவீனம். அதே இடத்தில் சுமை விழுந்துகொண்டே இருந்தால் மயிரிழை போன்ற விரிசல் விடலாம்.

ஆக, பாரில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை நரம்பின் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். அதற்கான விலையைத் தசைநாண் கொடுக்கிறது.

களைப்புக்கும் ஓவர்ட்ரெய்னிங்குக்கும் நடுவே

"ஓவர்ட்ரெய்னிங் (அளவு மீறிய பயிற்சி) ஆகிவிட்டது" என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். பெரும்பாலும் அது சரியான சொல் அல்ல. ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013-ல் சேர்ந்து வெளியிட்ட கருத்தறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதல் படியில் வேண்டுமென்றே சில நாள் கூடுதலாகச் சுமை ஏற்றுகிறோம், செயல்திறன் கொஞ்சம் இறங்குகிறது. ஓய்வு கொடுத்ததும் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ முன்பைவிட மேலே வந்துவிடுகிறோம். இது கெடுதல் அல்ல. அனுபவசாலிகள் தெரிந்தே செய்வது. இரண்டாம் படியில் செயல்திறன் இறங்கி, தேறி வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகின்றன. பட்ட பாட்டுக்குப் பலன் எதுவும் கையில் வருவதில்லை. மூன்றாம் படிதான் ஓவர்ட்ரெய்னிங் சிண்ட்ரோம். பல மாதம் ஓய்வெடுத்தும் பழைய நிலை திரும்பாது. தூக்கம், மனநிலை, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம் குலைந்துகிடக்கும். சிலர் விளையாட்டையே விட்டுவிட நேர்ந்திருக்கிறது.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றாம் படி எடைப் பயிற்சியில் அபூர்வம். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், துடுப்பு வலிக்கிறவர்கள் ஆகியோரிடம்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிற ஒருவர் அந்த அளவுக்குப் போய்விடுவோமோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அவருக்கு நடக்கக்கூடியது இரண்டாம் படி, அல்லது எனக்கு ஆனதுபோல் ஒரு மூட்டில் புண்.

ஆனால் இரண்டாம் படிக்குப் போக அதிக நாள் வேண்டாம். 1990-களில் ஆண்ட்ரூ ஃப்ரை என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. எடை தூக்கிப் பழகியவர்களை ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) மெஷினில் ஏறக்குறைய தினமும் தங்கள் உச்ச எடையிலேயே பத்து முறை தூக்க வைத்தார்கள். இரண்டே வாரத்தில் பெரும்பாலானவர்களின் உச்ச எடை இறங்கிவிட்டது. தினமும் உச்சத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓவர்ட்ரெய்னிங்கைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர் அந்த முடிவுக்கு வருவார். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது தொற்று, மனச்சோர்வு இவை எல்லாமே இதே முகத்தோடு வரும். அதனால் இரண்டு மூன்று வாரம் நன்றாக ஓய்வெடுத்தும் களைப்பு போகவில்லையென்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

நம்பத்தகுந்த அடையாளம் செயல்திறன்தான். ஒரு நாள் எடை ஏறவில்லை என்பது ஒன்றுமில்லை. முந்தின இரவு தூக்கம் கெட்டிருக்கலாம். அதே எடையில் தொடர்ந்து இரண்டு மூன்று பயிற்சிகளில் ரெப் எண்ணிக்கை இறங்கினால் அது செய்தி. இதற்கும் முன்பாகவே ஒரு குறிப்பு வரும். வார்ம்-அப் எடை கனக்கும். வழக்கமாகக் கையில் இருப்பதே தெரியாத வெறும் 20 கிலோ பார் அன்றைக்கு மட்டும் தோளில் அழுந்தும். அந்த உணர்வை நான் இப்போது நோட்டில் எழுதி வைக்கிறேன். அதனால்தான் நோட்டு வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஞாபகசக்தி நல்ல நாட்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளும்.

மற்றவை துணை அடையாளங்கள். உடம்பு அசதியாக இருந்தும் தூக்கம் பிடிக்காமல் போவது, பசி மந்தமாவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம், அடிக்கடி சளி, காலையில் எழுந்ததும் எண்ணிப் பார்க்கும் நாடித்துடிப்பு பல நாளாக வழக்கத்தைவிடக் கூடியிருப்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து, தூக்கும் எடையும் இறங்கினால் யோசிக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இன்னும் அழுத்தமான எச்சரிக்கை. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைக்கிறது, அது எலும்பையும் பாதிக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதற்கென்று தனியாக அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும் என்பதை அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது.

மறுநாள் வரும் தசைவலியை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "வலிக்கவே இல்லை, சரியாகச் செய்யவில்லை போல" என்று சொல்லி அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலி பழக்கமில்லாத அசைவுக்கு வருவது. ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். அதே பயிற்சியை இரண்டாவது முறை செய்தால் பாதிகூட வலிக்காது. பலன் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

கவனிக்க வேண்டியது வலி இருக்கும் இடம். தசையின் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மந்தமாக வலித்தால் அது பயிற்சியின் வலி. மூட்டுக்கு அருகில், ஒரே பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அது வேறு. தசைநாண் வலிக்கு ஏமாற்றுகிற குணமும் உண்டு. காலையில் இறுக்கமாக இருக்கும், வார்ம்-அப் செய்ததும் மறைந்துவிடும், "சரியாகிவிட்டது" என்று நினைத்து முழு எடையும் தூக்குவோம், மறுநாள் இன்னும் கூடுதலாகத் திரும்பி வரும். நான் ஐந்து வாரம் அதற்கு ஏமாந்தேன். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவது இதைவிட மோசம். நிறுத்தச் சொல்லும் ஒரே குரலை நாமே அடைத்துவிடுகிறோம்.

சிறுநீர் கறுத்தால்

இது அபூர்வம்தான். ஆனால் புதியவர்களுக்கும், இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் நடக்கக்கூடியது. பெயர் ராப்டோமயோலிசிஸ். தசை செல்கள் மொத்தமாகச் சிதைந்து, உள்ளே இருந்தவை ரத்தத்தில் கலக்கின்றன. அதில் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கலாம். 1941-ல், குண்டு வீச்சில் இடிபாடுகளுக்குள் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்ட லண்டன்வாசிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இடிபாடு இல்லாமல் வெறும் ஸ்குவாட்டாலும் தசை அப்படிச் சிதையலாம்.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து அணியினர் மூன்று வார விடுமுறை முடிந்து திரும்பினார்கள். தங்கள் உச்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட், அதுவும் நேரக்கணக்கோடு செய்யச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இவர்கள் புதியவர்கள் அல்ல, முழுநேரமும் பயிற்சி செய்கிறவர்கள். எடையும் உச்சத்தில் பாதிதான். பழக்கம் விட்டுப்போயிருந்த உடம்பில், எண்ணிக்கையை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு செய்ததுதான் அவர்களைக் கிடத்தியது.

அடையாளங்களை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தசைவலியைவிடப் பல மடங்கு வலி, கை அல்லது கால் வீங்கி இறுகி மடக்க முடியாமல் போவது, சிறுநீர் பால் கலக்காத தேநீர் போலவோ கோலா போலவோ கறுப்பது. கறுத்த சிறுநீரைப் பார்த்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, அன்றே மருத்துவமனை. அங்கே ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவைப் பார்ப்பார்கள். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கும் அந்த எண் ஆயிரக்கணக்கிலும் பத்தாயிரக்கணக்கிலும் ஏறியிருக்கும். கடும் வெயில், தண்ணீர் குறைவு, மது, சில மருந்துகள் எல்லாம் ஆபத்தைக் கூட்டும்.

எவ்வளவு போதும்

பயத்தைச் சொல்லிவிட்டேன். எடைப் பயிற்சி மனித உடம்புக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியங்களில் ஒன்று என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, முக்கிய தசைகளுக்கெல்லாம் வாரம் குறைந்தது இரண்டு நாள். தொடங்குகிறவருக்கு இரண்டோ மூன்றோ நாள் தாராளம்.

ஒவ்வொரு செட்டையும் எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு எளிய பழக்கம் இருக்கிறது. பாரைக் கீழே வைத்ததும் உங்களையே கேளுங்கள்: "இன்னும் எத்தனை ரெப் சுத்தமாகச் செய்திருப்பேன்?" அதுதான் கையிருப்பு. தொடங்குகிறவர்கள் இரண்டு மூன்று ரெப் கையிருப்போடு நிறுத்தினால் போதும். கை தூக்க மறுக்கும்வரை போனால்தான் பலம் வரும் என்பது உண்மையல்ல. பலம் கூடுவதற்கு அது தேவையில்லை என்று பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. கடைசி ரெப்பில் முதுகு வளைந்து, தோள் முன்னால் சரிந்து தூக்கியது எதுவோ அதைத்தான் மூளை பாடமாக எடுத்துக்கொள்ளும் என்பதும் என் கவலை. முதல் மாதத்தில் இந்தக் கையிருப்பைத் தப்பாகத்தான் கணிப்பீர்கள், பரவாயில்லை; கேட்கக் கேட்கச் சரியாகிவிடும்.

எடையை ஏற்றுவதற்கு முன் ரெப்பை ஏற்றுங்கள். 8 ரெப்பில் தொடங்கி, அதே எடையில் மூன்று செட்டும் 12 ரெப் சுத்தமாக வந்த பிறகு அடுத்த சின்ன ப்ளேட். இதில் ஒரு எடையிலேயே மூன்று நாலு வாரம் இருக்க வேண்டி வரும். சலிப்பாக இருக்கலாம். தசைநாண் தன் கடிகாரத்தை நகர்த்திக்கொள்ள அந்த வாரங்கள்தான் இடம் கொடுக்கின்றன.

அப்புறம், டீலோட். நாலிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் செட்களைப் பாதியாக்கி, எடையையும் கொஞ்சம் இறக்குவது. இதைச் சொன்னாலே "சேர்த்ததெல்லாம் போய்விடுமே" என்பார்கள். போகாது. 2011-ல் பிக்கெல் குழு வெளியிட்ட ஆய்வில் 16 வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினர், பிறகு 32 வாரம் முன்பு செய்ததில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே செய்தார்கள். இளையவர்கள் அந்தச் சொற்பப் பயிற்சியிலும் தசையையும் பலத்தையும் பெருமளவு காப்பாற்றிக்கொண்டார்கள். 2013-ல் ஜப்பானில் ஒகசவாரா குழு இன்னும் துணிந்து பார்த்தது. ஒரு குழு 24 வாரம் இடைவிடாமல், மற்றொன்று ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் முழு ஓய்வு என்று மாறி மாறி. கடைசியில் இரண்டு குழுவின் பலமும் தசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒரு வாரம் குறைப்பதால் இழக்க ஒன்றுமில்லை.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதோடு விடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்வதில்லை. உடம்புக்கு ஒரே கணக்குப் புத்தகம்தான். வேலைச் சுமை, பரீட்சை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இரவெல்லாம் விழித்திருந்தது, பட்டினி போட்டு எடை குறைப்பது எல்லாம் ஸ்குவாட் எழுதப்படும் அதே பக்கத்தில்தான் பற்று எழுதப்படுகின்றன. அந்த மாதிரி வாரங்களில் திட்டத் தாளில் இருப்பதை அப்படியே செய்து முடிப்பது ஒழுக்கம் என்று நினைக்காதீர்கள். ஒரு செட் குறையுங்கள்.

இடைவெளிக்குப் பிறகு

காய்ச்சலோ பயணமோ வேலையோ, காரணம் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், முதல் நாள் பழைய எடையில் பாதி, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒன்று அல்லது இரண்டு செட். மனசுக்குப் பழைய எண் ஞாபகம் இருக்கும், நரம்பும் அதை மறந்திருக்காது. அதனாலேயே அந்த முதல் நாள் ஆபத்தானது. இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

என் முழங்கைக்கு அதைவிட அதிகம் பிடித்தது. இயன்முறை மருத்துவர் முதலில் தந்தது ஒரு கிலோ டம்பெல். மேஜை விளிம்பில் முன்கையை வைத்து, மணிக்கட்டை மெல்ல இறக்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஏழு வாரம் அதையே செய்தேன். பிறகு இரண்டு கிலோ, மூன்று கிலோ. பாட்டில் மூடியை யோசிக்காமல் திருகிய நாளைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். பெஞ்சில் மறுபடி படுத்தது ஐந்தாவது மாதம், வெறும் பாரோடு. புது நோட்டில் 50 கிலோ மறுபடி வந்தபோது வரி பழையபடியேதான் இருந்தது: 8, 8, 8. பக்கத்தில் ஒன்று கூடுதலாக எழுதியிருக்கிறேன்: "கையிருப்பு 3."